மாடவீதியின் நிருபர் ஸஹானா

பாண்டி பஜாருக்கு நிருபராகப் போன முதல் நாளே ஸஹானா ஒரு ரூபாய் சம்பாதித்தாள். நடைபாதைக் கடைகளை எடுக்கப் போகிறார்களாமே என்று விசாரிக்கத்தான் போயிருந்தாள். துணிக்கடை சேட்டு அவளை வாயைத் திறக்கவிடவில்லை. புடவையைப் பார்த்தார், முகவாயைப் பார்த்தார், கல்லாவிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார்.

"இன்னும் போணியே ஆவல. நல்ல வார்த்தயா நாலு சொல்லிட்டுப் போம்மா."

"நான் பத்திரிகைலேர்ந்து வரேன்" என்று அவள் காசைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவளைப் போன்ற அரவாணிகள் காலையில் வாங்க மறுத்த காசு கடைக்கு ஆகாது என்பது பஜாரின் நம்பிக்கை. அன்று ஒரு கடைக்காரரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு வழி தெரிந்துகொண்டாள். முதலில் காசை வாங்குவாள், தலையில் கை வைத்து வாழ்த்துவாள், அப்புறம்தான் கேள்வி கேட்பாள். மற்ற நிருபர்களுக்குப் போன இடத்தில் காபி கிடைக்கும். இவளுக்கு ஒரு ரூபாய். ஊர் வழக்கம் அப்படி இருக்கும்போது யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

'மாடவீதி' மயிலாப்பூர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகை. ஆசிரியர் அய்யாதுரை அவளைப் பிழை திருத்தத்தான் சேர்த்துக்கொண்டார். பிழை திருத்துகிறவர் முகம் யாருக்கும் தெரியவேண்டியதில்லை அல்லவா. ஒரு வாரம் நிருபர் வராமல்போக, சாக்கடை அடைப்பு பற்றி அவளே எழுதிக் கொடுத்தாள். படித்துவிட்டு அய்யாதுரை தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. பேரு என்ன போடறது? சர்டிபிகேட்ல இருக்கிற பேரையே போட்டுடுவோமா?"

"ஸஹானான்னு போடுங்க சார். இல்லேன்னா பேரே வேண்டாம்."

"ராகத்துப் பேரு. மயிலாப்பூர்க்காரங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒப்புக்கொண்டார். அப்படித்தான் அவள் நிருபரானாள்.

அது அவள் அம்மா கோமளம் அடுப்படியில் நின்றபடி முணுமுணுக்கும் ராகம் என்பது அவருக்கு எங்கே தெரியும்? வீடு சித்திரைக்குளத்துப் பக்கம்தான். அவள் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று அப்பா ராஜகோபாலன் கதவைச் சாத்தினார். அம்மா உள்ளேயிருந்து வரவேயில்லை. அந்த வாசற்படியை மிதிக்க முடியாதவளின் பெயர் இப்போது ஞாயிறுதோறும் அதே வாசலில் வந்து விழுந்தது. அம்மா படிக்கிறாளா, அல்லது அப்பா அப்படியே பழைய பேப்பரோடு சேர்த்துவிடுகிறாரா? சமூகத்துக்காக எழுதினேன் என்று பின்னாளில் மேடைகளில் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் முதலில் எழுதியது அம்மாவுக்காகத்தான்.

தொண்ணூற்றிரண்டில், கடை கடையாகக் காசு கேட்கப் போன அரவாணிகளைப் போலீஸ் வேனில் அள்ளிக்கொண்டு போனது. செய்தி எடுக்கப் போனவளையும் சேர்த்து ஏற்றப் பார்த்தார்கள். அவள் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வழக்குப் போடாமல் எல்லாரையும் விடும்வரை நகரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். அய்யாதுரை முனகிக்கொண்டே போட்டார். அந்த வாரமே ஒரு கடை விளம்பரத்தை நிறுத்தியது. அதையாவது எதிர்பார்த்திருந்தாள். அரவாணிகள் கூடி வாழும் ஜமாத்தில் அவளை மகளாக ஏற்றுச் சோறு போட்ட மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"நம்ம வூட்டு சங்கதிய இன்னாத்துக்கு ஊருக்கெல்லாம் காட்டிக்கினு கீற? படிச்ச திமிரு" என்றாள் அவள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜமாத்தை விட்டுச் சாந்தோமில் ஹமீதுன்னிசா வீட்டு மாடியறைக்குக் குடிவந்தாள். ஹமீதுன்னிசா நல்ல மனுஷி. பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுவருவாள். ஆனால் தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு, குரல் மட்டும் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவாள். அரவாணிகளுக்கு ரேஷன் கார்டு கேட்டு மனு, ஆஸ்பத்திரியில் அவர்களை ஆண்கள் வார்டிலா பெண்கள் வார்டிலா படுக்கவைப்பது என்ற சண்டை என்று பகல் எப்படியோ ஓடிவிடும். சாப்பாட்டு நேரம்தான் ஓடாது. தனக்கு ஒருத்திக்காக உலை வைப்பது போன்ற அலுப்பு வேறில்லை. பாதி நாள் டீயும் பன்னுமாகவே போயிற்று.

தொண்ணூற்று மூன்று கோடையில் ஊரே குடத்தோடு தெருவில் நின்றது. எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று எழுத அய்யாதுரை அவளை அனுப்பினார். சித்திரைக்குளத்துப் பக்கத்தைக் கடைசிவரை தள்ளிப்போட்டாள். வேறு வழியில்லாமல் போனபோது, வரிசையில் பச்சைக் குடத்தோடு அம்மா நின்றிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது.

ஸஹானா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். பின்னால் நின்ற மாமிகள் குசுகுசுவென்று பேசினார்கள். அம்மாவின் முறை வந்ததும், "மாமி, உங்க தெருவுக்கு லாரி எப்ப வந்துது?" என்று கேட்டாள்.

கோமளம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை எடுத்தாள். ஊரில் யார் வேண்டுமானாலும் கொடுக்கட்டும், இவளுமா?

"இந்தா, வாங்கிக்கோ. என் தலைல கை வெச்சு நல்லதா ஏதாவது சொல்லு" என்றாள் கோமளம், வரிசைக்கே கேட்கும்படி. சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

ஸஹானா கை வைத்தாள். அதே தேங்காயெண்ணெய் வாசனை. எத்தனையோ தலைகளுக்குச் சரளமாக வந்த வாழ்த்து இந்தத் தலைக்கு வரவில்லை. குனிந்தபடியே அம்மாதான் பேசினாள், இந்தத் தடவை அவளுக்கு மட்டும்.

"ஞாயித்துக்கிழமை அப்பா எழுந்துக்கறதுக்குள்ள பேப்பரை எடுத்துண்டு போயிடறேன். ஒரு வாரம்கூட விடலை. இன்னும் கொஞ்ச நேரம் கையை எடுக்காதே. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டா."

ஸஹானா கையை எடுக்கவில்லை. பின்னால் யாரோ குடத்தைத் தட்டினார்கள். கோமளம் நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "லாரி வந்து நாலு நாளாச்சு. எழுதிக்கோ" என்றாள்.

எழுதிக்கொண்டாள். எல்லாரிடமும் கேட்கும் கடைசிக் கேள்வியை இவளிடமும் கேட்டாள்.

"உங்க பேரைப் போட்டுக்கலாமா, மாமி?"

"வேண்டாம்" என்றாள் கோமளம். "உன் பேர் வரதே, அது போறும்."

லாரி வந்துவிட்டது. வரிசை கலைந்து ஓடியது. பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும் ஓடினாள். ஸஹானா ரூபாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுத்த மாமியிடம் போனாள்.