ஜோஸ்லினின் சுடிதார் அளவு

“அந்தப் பக்கம் போங்க, கால மிதிச்சுபோடுவேனுங்க” என்று வாசலில் படுத்திருக்கும் தெருநாயிடம் சொல்லிவிட்டு, அது எழுந்து போகும்வரை துடைப்பத்தோடு காத்து நிற்கிறார் மாரிசெல். நாய் சோம்பல் முறித்து நகர்ந்ததும், “தேங்க்ஸுங்க.”

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் எதிர்வீடு. பிறந்தது பிலிப்பைன்ஸில். துபாய் பேக்கரி ஒன்றில் வேலை பார்த்தபோது, அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்த நம்மூர் பெனடிக்டை மணந்தார். பெனடிக்டுக்கு இங்கே பம்ப் கம்பெனியில் வேலை அமைய, போன ஜூனில் பத்து வயது ஜோஸ்லினையும் ஆறு வயது பிராங்கையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்குள் ஆங்கிலம். தமிழ் முழுக்கத் தெருவில் பொறுக்கியது. புதிதாக வந்த பெண்ணிடம் எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். அதனால் ‘ங்க’ போடாத தமிழும் உண்டு என்பதே இவருக்குத் தெரியாமல் போயிற்று. அரிசிம்பருப்புச் சாதத்துக்குக் கருவாடு வறுத்து வைத்துவிட்டு, “ஏனுங்க பிராங்க், சாப்புடலீன்னா அடி வாங்குவீங்க” என்பார்.

முதல் ஏழெட்டு மாதம் இந்தக் குரலே வெளியே கேட்டதில்லை. மளிகைக் கடையில் இவர் பேச்சுக்கு யாரோ சிரித்ததிலிருந்து கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். ஜோஸ்லின் பள்ளிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். முழுப்பரீட்சை லீவு வரை பார்க்கலாம், பிடிக்காவிட்டால் துபாய்க்கே திரும்பிவிடலாம் என்று பெனடிக்ட் வாக்குக் கொடுத்திருந்தார்.

பிப்ரவரியில் ஒரு மாலை, ஜோஸ்லின் மட்டும் அழுதுகொண்டு ஓடிவந்தாள். டவுன் பஸ் கூட்டத்தில் அவள் இறங்கிவிட, சீட்டில் தூங்கிப்போன தம்பியோடு பஸ் கிளம்பிவிட்டது. மாரிசெல் செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி, காளிச்சாமியின் ஆட்டோவை மறித்தார்.

“அண்ணாங்க, எங்க பிராங்க் பஸ்ல தூங்கிபோட்டாருங்க. மேட்டுப்பாளையம் போறாருங்க. புடிங்க.”

நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, எதிரே வந்தவர்களிடமெல்லாம் “பஸ் பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். காரமடையில் பஸ்ஸைப் பிடித்தோம். உள்ளே, பூக்கூடைக்காரப் பெண்மணி ஒருத்தியின் மடியில் உட்கார்ந்து பிராங்க் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

“பயப்படாதீங்க அம்மணி, பையன் பத்தரமா இருக்கறானுங்க” என்றார் கண்டக்டர்.

மாரிசெல் மூச்சு வாங்க மகனைப் பார்த்தார். “ஏனுங்க பிராங்க், எந்திரிச்சு வாங்க.”

பஸ்ஸே சிரித்தது. மாரிசெல் கண்ணைத் துடைத்துக்கொண்டே தானும் சிரித்தார்.

“அம்மா, தம்பியக் கூப்புட ‘வாடா’ன்னு சொல்லோணும்” என்றாள் ஜோஸ்லின். அவள் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

“அது தப்புங்க” என்றார் மாரிசெல்.

மறுநாள் மளிகைக் கடையில் கொசுறுக் கறிவேப்பிலைக்காக அவர் வாதாடுவது எங்கள் வீடுவரை கேட்டது. ஜோஸ்லின் பக்கத்துவீட்டுப் பிரவீனாவோடு சைக்கிள் விடத் தொடங்கினாள்.

மே மாதம் பெனடிக்ட் வாக்கை நினைவுபடுத்தி, என்ன செய்யலாம் என்று கேட்டாராம். மாரிசெல் ஜோஸ்லினின் ஆறாம் வகுப்புச் சீருடைத் துணியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு தையல்கார லோகப்பிரியாவிடம் வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். சுடிதார் பேண்டுக்கு அளவெடுத்த லோகப்பிரியா, டேப்பை ஜோஸ்லினின் கணுக்காலில் நிறுத்தினாள்.

“பத்தாதுங்க. அடுத்த வருசமும் போடோணுமுங்க” என்று சொல்லி, மாரிசெல் குனிந்து டேப்பின் நுனியைப் பிடித்துத் தரை தொடும்வரை இழுத்துவிட்டார்.