மேரு லயத்தில் என்னைச் சாகடித்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மேரு என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய் வந்தேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. தமிழ்ப் பேச்சை ஆராயும் துரை ஒருவர், தாம் குறித்துக் கொடுத்த நாற்பது வாக்கியங்களைத் தோட்டத்து ஜனங்கள் பேசுகிறபடியே எழுதி வரச் சொல்லியிருந்தார். ஒன்று குறையாமல் கொண்டுவந்தால் அவரிடமே நிரந்தர உத்தியோகம். ஆள் குறைப்பில் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலை போய், கர்ப்பிணி மனைவியோடு பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருப்பவனுக்கு இது சின்ன விஷயமா?

காலை ஏழரை ரயிலில் கிள்ளான். மூன்றாம் வகுப்பு, ஐம்பது காசு. அங்கிருந்து ஏழு மைல் மோட்டார் பஸ், பதினைந்து காசு. டிரைவர் வழியிலிருந்த பள்ளம் ஒன்றையும் விசாரிக்காமல் விடவில்லை.

தோட்டத்துக் கூலி ஜனங்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்தில், பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் முனியம்மா பேசச் சம்மதித்தாள். அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். மழை பெய்தது, மாடு ஓடியது எல்லாம் மளமளவென்று வந்தன. அடுத்து, 'என் புருஷன் செத்துப்போனான்' என்பதை அவள் பேச்சில் சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான்.

"ஏன் கிராணியாரே, குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கிற மனுசன வச்சிக்கிட்டா இதச் சொல்லச் சொல்றீங்க?" என்று துடைப்பத்தைத் தேடினாள்.

ஆராய்ச்சிக்காகத்தான் என்றேன். ஆராய்ச்சிக்குச் சாக என் புருஷன்தான் கிடைத்தானா என்றாள். அந்தப் புருஷனும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். அண்ணன், பிள்ளை என்று மாற்றிக் கேட்டேன், லயமே கூடிவிட்டது. உத்தியோகம் கைநழுவுகிறதே என்ற பயத்தில், "சரி, நான் செத்ததாகவே சொல்லுங்கள்" என்றேன்.

அடடா, என்ன உற்சாகம்! கிராணி செத்துட்டாரு, சாவப் போறாரு, இந்நேரம் செத்திருப்பாரு என்று ஆளாளுக்குச் சாகடித்தார்கள். வியர்க்க வியர்க்க எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது முனியம்மாவே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, காப்பியும் கொடுத்தாள். நல்ல மனுஷி.

இந்த வேலையாகப் போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் ஐந்து மணிக்கு. யாரையாவது சாகடித்தே தீரவேண்டுமென்றால் கேட்கிறவரே சாவது உத்தமம்.

திங்கட்கிழமை துரை பங்களாவுக்குப் போனேன். எல்லாம் சரி, 'என்' என்று தொடங்கும் அந்த வாக்கியம் எங்கே என்றார். "நீயும் தமிழன்தானே? 'என் மனைவி செத்துப்போனாள்' என்று வீட்டில் பேசுவதுபோல் சொல். எழுதிக்கொள்கிறேன்."

முனியம்மாவுக்கு அவ்வளவு விளக்கம் சொன்னவன் நான். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? உத்தியோகம் போனால் போகட்டும் என்று, "முதலில் நீங்கள் துரைசானி அம்மாளை வைத்து அதே வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லுங்கள், துரை" என்றேன்.

துரை வாயைத் திறந்தார். உள்ளே துரைசானி பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். துரை வாயை மூடிக்கொண்டு, அந்த வாக்கியத்தைப் பேனாவால் அடித்தார்.

"முப்பத்தொன்பது போதும். நாளைக்கு வேலைக்கு வா."