கெட வேண்டிய செடி

விதை ஆராய்ச்சியில் எங்கள் வேலையைக் கேட்டால் ஊரே சிரிக்கும். பாக்டீரியாவை வளர்த்து, தண்ணீரில் கலந்து, நன்றாக இருக்கிற தக்காளிச் செடிமேல் நாங்களே அடிப்போம். இலையில் கரும்புள்ளி விழுந்து கருகுகிற ஹைப்ரிடைக் கழித்துவிட்டு, தாங்குகிறதை வைத்துக்கொள்வோம். நடுவில் சட்டென்று நோய் வாங்கும் பழைய ரகம் ஒரு வரிசை இருக்கும். அது கெட்டால்தான் நோய் நன்றாகப் பிடித்தது என்று தெரியும், சோதனை சரி.

தியாகதுருகம் பக்கம் அதற்கு நிலம் கொடுத்தவர், முந்தைய வருடம் இதே நோயில் தன் தக்காளி முழுவதையும் இழந்தவர். தாங்கும் விதை கிடைத்தால்தான் இனித் தக்காளி என்று இருந்தார். மருந்து மட்டும் அடிக்காதீர்கள் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

நோயைத் தெளித்துவிட்டுக் கொஞ்ச நாள் கழித்துப் போனேன். எல்லா வரிசையும் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்புறம் பழைய ரகத்தைப் பார்த்தேன். அதுவும் ஓரிரு புள்ளியோடு செழிப்பாக இருந்தது. இலையைத் திருப்பினால் மயில்துத்த மருந்தின் நீலத் திட்டு.

"யாரைக் கேட்டு மருந்தடிச்சீங்க?" என்று கத்தினேன்.

"புள்ளி வுழ ஆரம்பிச்சிது மேடம். கண்ணு முன்னால சாவறத எப்படிப் பாத்துக்கினு இருக்கறது?" என்றார்.

அந்தப் பருவம் வீணாயிற்று.

அடுத்த பருவம் மறுபடி நட்டோம். நோயைத் தெளிக்கும் நாளில் அவரே டேங்கை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டார். "என் கையால அடிச்சாதான் அப்பால மருந்துப் பக்கம் போவ மாட்டேன்" என்றார். கடைசி வரிசை வரை அவரேதான் அடித்தார்.

பழைய ரகம் கருகியது. ஹைப்ரிட்களும் ஒவ்வொன்றாகக் கருகின. ஒன்றே ஒன்று தாங்கி நின்றது. அவர் அந்த வரிசையை விட்டு நகரவேயில்லை.

"இதோட வெத எப்ப மேடம் குடுப்பீங்க?"

இன்னும் பல ஊர்களில் சோதிக்க வேண்டும், வருடங்கள் ஆகும் என்றேன். "அப்ப வர்ற பட்டம் மரவள்ளிதான்" என்றார். நோய் பரவாமலிருக்க எல்லாச் செடியையும் பிடுங்கிக் கொளுத்திவிட வேண்டும் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இதையுமா?"

"ஆமாங்க."

கருகிய வரிசைகளை ஆட்களிடம் விட்டுவிட்டு, தாங்கி நின்ற வரிசையை மட்டும் அவரே பிடுங்கினார். வேரில் ஒட்டிய மண்ணை உதறி உதறித் தீயில் போட்டார். பச்சைச் செடி லேசில் எரியவில்லை. காய்ந்ததை அள்ளி அதன்மேல் போட்டார். என் சோதனை ஜெயித்த நாள் அது. எனக்கு அழுகைதான் வந்தது.