பரவைக் கடலில் எரிந்த சுண்ணாம்புத் தோணி

கொழும்புத்துறைக்கு அப்பால், ஆழமில்லாத பரவைக் கடலின் சேற்றில், இரண்டு பாய்மரச் சரக்குத் தோணியொன்றின் கரிந்த விலா எலும்புகள் இன்னும் தெரிகின்றன. தண்டையல் தூங்கிப்போனதால்தான் அது அழிந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். தண்டையல் என்றால் தோணியின் தலைவன். அவர் தூங்கவில்லை. எனக்குத் தெரியும்.

என் மகளுக்குக் காது குத்திய மறுநாள் அது. என் கணவர் அக்கரையில், பூநகரியில், ஆசிரியர். காலையில் ஆட்களை ஏற்றிப்போகும் வள்ளத்தில் போயிருக்க வேண்டியவர். பிள்ளையின் காது சிவந்திருந்தது. "கொஞ்சம் நிண்டு பாத்திட்டுப் போங்கோ" என்று நான்தான் மறித்தேன். காய்ச்சலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. வள்ளம் போய்விட்டது. சுண்ணாம்பு ஏற்றிய அந்தத் தோணியில் இடம் கேட்டு ஏறினார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். தோணி அரை மைல் போயிருக்கும். நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழுந்தது.

"சமைக்கத் துவங்கீட்டினம் போலை" என்றேன், பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த குருநகர் அக்காவிடம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சோத்துப் புகை உப்பிடி வெள்ளையா வராது பிள்ளை. சுண்ணாம்புப் பை எங்கையோ நனைஞ்சு போச்சு."

"ஐயோ, தண்ணி ஊத்துங்கோ! தண்ணி ஊத்துங்கோ!" என்று கடலைப் பார்த்துக் கத்தினேன்.

"வாயை மூடு பிள்ளை! சூளையிலை சுட்டு இன்னும் நீத்தாத சுண்ணாம்பிலை தண்ணி பட்டால் கொதிக்கும். மண்ணைப் போட்டு மூடி, நனைஞ்ச பையைத் தூக்கி எறியவேணும். தண்டையலுக்குத் தெரியும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. புகை ஒரே வீச்சில் பாயளவு உயர்ந்தது. பிறகு அதன் அடியில் சிவப்பு. பனையோலைப் பைகள், கயிறு, பாய் எல்லாம் பற்றிக்கொண்டன. முன்பாய்மரம் சரிந்ததை நான் பார்த்தேன். சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. பிள்ளை அழுதது எனக்குக் கேட்கவில்லை. குருநகர் அக்காதான் என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டார்.

தோணி மணல்திட்டில் ஏறி நின்றது. அங்கே நெஞ்சளவு தண்ணீர்தான். நாலு தலைகள் கரையை நோக்கி நடந்து வந்தன. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். மூன்றாவது தலை என் கணவருடையது.

முழங்கை வரை தோல் வெந்திருந்தது. என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

"நான்தான் ஊத்தினன். தண்டையல் அடித்தட்டிலை கிடந்த மண்ணை எடுக்கக் கீழை போனவர். புகையைக் கண்டு ஒரு வாளி அள்ளி ஊத்திப்போட்டன்."

படித்தவர். படித்த நானும் அதையேதான் கரையில் நின்று கத்தினேன்.

அதற்குள் தோணியின் முதலாளி ஓடி வந்துவிட்டார். தண்டையலின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். "எந்த மடையன்ரா தண்ணி ஊத்தினவன்? நீ நித்திரையோ?"

தண்டையல் என் கணவரின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. கூட வந்த இரண்டு மாலுமிகளும் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார்கள்.

"இனி இந்தக் கரையிலை ஒருத்தற்றை தோணியிலையும் நீ ஏறேலாது. நான் பாத்துக்கொள்ளுறன்!"

என் கணவர் ஓரடி முன்னே வைத்தார். "அது..." என்று தொடங்கினார்.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். வெந்த இடத்தில்தான் பிடித்திருக்கிறேன், அவர் துடித்தார். நான் விடவில்லை. அவர் வேலை, பிள்ளை, வீடு என்று எதையும் அப்போது யோசித்ததாக நினைவில்லை. கை தானாகப் போனது. அவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

தண்டையல் என் கையைக் கண்டார். அதைக் கண்டுவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"வெயிலுக்கை பிள்ளையோடை நிக்காதை தங்கச்சி," என்றார். "வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வீட்டை போ."

போனோம்.