ரேடியோ மாமா

எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கில் இன்றைக்கு என் பெயரைச் சொன்னால் கடைக்காரன் நாற்காலி எடுத்துப் போடுவான். கியா பார்மில் காய்கறித் தோட்டம், மலை இறங்கும் லோரிகள், மாடி வீடு, எல்லாம் இந்தக் கையால் உண்டாக்கியவை. பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சு தேய்த்தது கொஞ்சம்தான். ஆனாலும் கூட்டத்தில் எழுந்து பேசினால் படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அந்தத் தமிழ் எனக்கு ரேடியோ மாமா போட்ட பிச்சை. இப்போது வீட்டில் அறைக்கு ஒரு டிவி வைத்திருக்கிறேன். எதில் யார் செய்தி வாசித்தாலும் காது அந்தக் குரலைத்தான் தேடுகிறது.

காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலத்தில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஊரடங்குக்கு முன்னால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆபீசு வாசலில் ரேடியோவைத் திருப்பி வைப்பார். தமிழ்ச் செய்தி வாசிப்பவர், வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் போல நிறுத்தி நிதானமாகப் பேசுவார். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத என் அம்மா அவரை அண்ணன் என்றாள். என்னை மாமா என்று சொல்லச் சொன்னாள். அவர் குரல் வந்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொள்வாள்.

அப்பா தேயிலை லோரி ஓட்டினார். ஒருநாள் தாப்பா ரோட்டில் அந்தக் காட்டுக்காரர்கள் லோரியை மறித்துக் கொளுத்திவிட்டார்கள். அப்பாவைக் காணவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள், தப்பி ஓடிவிட்டார் என்றார்கள், கதை முடிந்தது என்றும் சொன்னார்கள். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை.

"அண்ணன் சொல்லட்டும். அவரு சொல்லாத வரைக்கும் உங்கப்பா இருக்காரு" என்பாள். தினமும் செய்தி முடிந்த பிறகுதான் மூச்சு விட்டுவிட்டு வந்து உலை வைப்பாள்.

ஒரு சாயங்காலம் வேறு குரல் வந்தது. இதுவரை வாசித்தவர் காலமாகிவிட்டார் என்று அது சொன்னது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போய், அந்த மலைக் குளிரில் குழாயடியில் தலைமுழுகினாள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டாள். "மூஞ்சி தெரியாத ஆளுக்குத் தீட்டு காக்குறியா? அவரு பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வந்துருவா லா." குழாயடியே சிரித்தது.

சில வாரம் கழித்து அந்தப் புதுக்குரல், தாப்பா ரோட்டோரக் காட்டில் ஓர் உடல் கிடைத்ததாகவும், அது எரிந்த தேயிலை லோரியின் டிரைவர்தான் என்று போலீசு நம்புவதாகவும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் வாசித்தது. லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. பெரியம்மா அழுதுகொண்டே தாலி இறக்கும் பேச்சை எடுத்தாள்.

"கோடி யாரு போடுவா?" என்றாள் அம்மா. கூடப்பிறந்தவன் கொண்டுவரும் கோடிச் சேலை இல்லாமல் எங்கள் பக்கம் அந்தச் சடங்கு நடக்காது.

"உனக்குத்தான் பொறந்தவன் இல்லையே புள்ள. நாங்க யாராச்சும்..."

"இருந்தாரு. அவருக்குத் தலைமுழுகுனத நீங்கதான பாத்தீங்க. இனிமே சொல்றதுக்கும் ஆளில்ல, கோடி போடறதுக்கும் ஆளில்ல. போங்கக்கா, போயி வேலையப் பாருங்க."

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அம்மா ஜெயித்துவிட்டாள், அப்பா வரப்போகிறார் என்று நான் லயம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவின் கம்பளிச் சட்டையை எடுத்துக் கையை வெட்டி, பக்கங்களைப் பிடித்துத் தைத்து, எனக்குப் போட்டுவிட்டாள்.

"அப்பா வந்தா எதப் போட்டுக்குவாரு?" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "குளிருதா பாரு" என்றாள்.

குளிரவில்லை. அப்பா வந்து பார்த்தால் திட்டுவாரே என்ற பயம் மட்டும் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.