காவலுக்குக் கட்டிய நாய்

மூன்றாம் தரத்துப் பிள்ளைகளுக்கு 'நாய்' என்ற தலைப்பைக் கொடுத்து ஐந்து வசனம் எழுதச் சொல்வது எங்கள் தோட்டப் பாடசாலையில் வருடா வருடம் நடக்கிற சடங்கு. நாய்க்கு நான்கு கால்கள் உண்டு. நாய் நன்றியுள்ள பிராணி. நாய் வீட்டைக் காவல் காக்கும். கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டுவிடலாம். அந்த வருடம் ஒரு பெண்பிள்ளை மட்டும் நான்காவது வசனத்தை இப்படி எழுதியிருந்தாள்: "நாய் எங்கள் வீட்டுக்குக் காவு."

சிவப்புப் பேனையால் சுழித்து, மேலே 'காவல்' என்று எழுதிக் கொடுத்தேன். கொப்பியை வாங்கியவள் போகாமல் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"என்னா?"

"காவுதான் டீச்சர். அப்பா அப்படித்தான் சொன்னாங்க."

"அப்பாவா பரீட்சைக்கு வந்து எழுதப்போறாரு? காவல்னு பத்துத் தடவ எழுதிட்டு வா."

எழுதிக்கொண்டு வந்தாள். கையெழுத்து மணிமணியாக இருந்தது. அவர்கள் வீட்டு நாயைப் போன கிழமைதான் புலி தூக்கியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுத வைத்தேன். எனக்கு எழுத்துப்பிழை என்றால் ஆகாது.

புலி என்று நாங்கள் சொல்வது சிறுத்தையை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அங்கே அது எப்போதும் இருந்ததுதான். ஆனால் அந்த மழைக்காலத்தில் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளின் வாசல் வரைக்கும் இறங்கி வந்து நாய் தூக்கத் தொடங்கியது. அதுவும் ஊர் அடங்கிய பிறகு அல்ல. மாலை ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கினால் போதும், அதற்கு அது இருட்டுதான். மேல் லயத்தில் ஒருவர் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, காலடியில் படுத்திருந்த நாய் காணாமல் போனது. சத்தமே இல்லை என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால் நாய் படுத்திருந்த சாக்கு மட்டும் கிடந்ததாம்.

என் வீடு எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா, வரிசையில் ஓர அறை. அதாவது ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் இல்லை, தேயிலைதான். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். வீட்டில் நானும் ஏழு வயது மகளும் ஒரு நாயும். மகள் பஸ் தரிப்பிடத்திலிருந்து தூக்கி வந்த குட்டி அது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை. கட்டிலுக்குக் கீழே மகளின் பழைய ஸ்வெட்டரை விரித்துப் படுக்கும். வெடிச் சத்தம் கேட்டால் என் சேலைக்குள் நுழையும். காவலுக்கு லாயக்கில்லாத நாய் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

மேல் லயத்து நாய் போன மறுநாளிலிருந்து எனக்குக் கிலி பிடித்தது. கழிவறை வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளித் தேயிலை ஓரத்தில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மகளையும் குடிக்க விடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு ஒவ்வொரு தேயிலைச் செடியும் பதுங்கி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கதிரையை இழுத்தால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கணவருக்குத் தொலைபேசி எடுத்து அழுதால், "கதவ நல்லா சாத்திக்க" என்றார். சாத்தாமலா இருப்பேன்? அந்தக் கதவை ஒரு மாடு உரசினாலே தாழ்ப்பாள் கழன்றுவிடும்.

வனஜீவி அதிகாரி ஒருவர் வந்து லயத்து ஆட்களைக் கூட்டிப் பேசினார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான்தான் தமிழில் சொன்னேன். புலி மனிதரைத் தேடி வருவதில்லை. குப்பையைக் கண்ட இடத்தில் கொட்டாதீர்கள். மாலையில் நாய்களை உள்ளே எடுங்கள். முக்கியமாக, நாயை வெளியே கட்டி வைக்காதீர்கள், அவிழ்த்து விட்டால் ஓடியாவது தப்பும், கட்டினால் அதற்கு வழியே இல்லை. இத்தனையையும் திருத்தமாக மொழிபெயர்த்தவள் நான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவருடைய ஜீப் வளைவைத் தாண்டவில்லை, பக்கத்துக் காம்பரா அக்கா என்னிடம் வந்தார். தேயிலையிலேயே முப்பது வருடம் கழித்தவர், என் பிரசவத்துக்கு உடன் நின்றவர். கெட்டது நினைக்கிற மனசு இல்லை.

"டீச்சர், நீங்க நாய உள்ள வச்சிருக்கிங்களே, அந்த வாடைக்குத்தான் அது கதவத் தேடி வரும். கதவு ஒடைஞ்சா உள்ள புள்ள இல்ல இருக்கு?"

"அந்தாளு கட்டாதீங்கன்னுதானே சொல்றாரு அக்கா."

"அவரு ஜீப்புல போயிருவாரு. நம்மதான இங்க கெடக்குறோம். பீலிக்கிட்ட கட்டுங்க. அதுக்கு வேண்டியது கெடைச்சா அது பாட்டுக்குப் போயிரும்."

பீலி என்பது நாங்கள் குழாய் வைத்து ஊற்றுத் தண்ணீர் பிடிக்கிற இடம். என் வாசலிலிருந்து இருபது அடி. அங்கே ஒரு இரும்புக் கம்பம் நட்டிருக்கிறது. அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை. மறுக்க விருப்பமும் இல்லை. உண்மையைச் சொன்னால், யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன். பயத்தைப் போல வசதியான சாக்கு உலகத்தில் வேறு இல்லை.

சனிக்கிழமை டவுனுக்குப் போய், எங்களையும் நாயையும் தெரிந்த முஸ்லிம் நானாவின் கடையில் சங்கிலி வாங்கினேன்.

"என்ன டீச்சர், நாய் கடிக்குதா?"

"இல்ல நானா, ஓடிப்போயிருது."

"உங்கட நாயா? அடிச்சு வெரட்டினாலும் போகாதே அது!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மெல்லிய சங்கிலியும் இருந்தது, தடித்ததும் இருந்தது. தடித்ததை எடுத்தேன்.

மகளிடம் என்ன சொல்வது? "இனிமே அதுக்கு வேல கெடச்சிருக்கு. பொழுதுபட்டா அங்க உக்காந்து நம்மளக் காவல் காக்கப்போகுது" என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் ஸ்வெட்டரைக் கொண்டுபோய்க் கம்பத்தடியில் விரித்தாள். நான் சங்கிலியை மாட்டும்போது நாய் ஏதோ விளையாட்டென்று நினைத்து என் மணிக்கட்டை நக்கியது. கதவைச் சாத்தியதும் அழத் தொடங்கியது. குரைப்பு இல்லை, சிறுபிள்ளை மாதிரி இழுத்து இழுத்து ஒரு அழுகை. ரேடியோவைக் கூட்டி வைத்தேன். இரண்டு நாள் அப்படிப் போனது. காலையில் அவிழ்க்கப் போனால், நடந்ததெல்லாம் மறந்து வாலாட்டும்.

மூன்றாம் நாள் மாலை ஆறரை இருக்கும். மூடுபனி ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ரேடியோ இல்லாததால் நாயின் அழுகை நேராகக் காதில் விழுந்தது.

திடீரென்று அது நின்றது.

அழுகையைவிட அந்த நிறுத்தம் பயங்கரமாக இருந்தது. பிறகு வாள் போட்டு மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. அந்த நேரத்தில் மலையில் யாரும் மரம் அறுக்க மாட்டார்கள். புலி உறுமினால் அப்படித்தான் கேட்கும். அறுக்கிற சத்தம் நின்றதும் சங்கிலி கம்பத்தில் 'டங்' என்று மோதியது. மறுபடி. மறுபடி. நாய் ஓடுகிறது, சங்கிலி முடிகிறது, விழுகிறது, எழுந்து மறுபடி ஓடுகிறது.

மகள் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தாள். "அம்மா, கதவத் தொறங்க. அது உள்ள வரணுமாம்."

நான் அவள் வாயைப் பொத்தினேன். ஒரு கையால் அவள் வாயையும், மறுகையால் தாழ்ப்பாளையும் பிடித்துக்கொண்டு கதவோடு முதுகை ஒட்டி நின்றேன். அவள் என் உள்ளங்கையில் கடித்தாள். விடவில்லை. கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை என்று சொன்னால் மன்னித்துவிடுவீர்கள், யாருக்குத்தான் வரும். ஆனால் அது முழு உண்மை இல்லை. நான் அப்போது எல்லாச் சாமியையும் கூப்பிட்டு வேண்டிக்கொண்டேன். நாயைக் காப்பாற்று என்று வேண்டவில்லை. எடுக்கிறதைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று வேண்டினேன். வேண்டும்போதே அந்தப் பெண்பிள்ளையின் கொப்பி ஞாபகம் வந்தது. அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். பிழை என் சிவப்புப் பேனையில்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலிருந்து யாரோ தகரம் தட்டினார்கள். பிறகு லயம் முழுக்கத் தட்டத் தொடங்கியது. ஆண்கள் நாலைந்து பேர் டோர்ச் லைட்டோடு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

நாய் உயிரோடு இருந்தது. புலி அதைத் தொட்டிருக்கவில்லை. கழுத்தைச் சுற்றித் தோல் கிழிந்து இரத்தம் வடிந்தது. அது சங்கிலி கிழித்தது. ஒருவர் டோர்ச்சைத் தரையில் அடித்தார். காலடித் தடம் தேயிலைப் பக்கத்திலிருந்து வந்து, பீலிக்குப் பத்தடி முன்னால் நின்று, திரும்பியிருந்தது. இந்தப் பக்கம் நாயின் நகங்கள் சேற்றைக் கிளறிய கோடுகள். எல்லாக் கோடும் ஒரே திசையில் இருந்தன. காடு ஒருபக்கம், ரோடு ஒருபக்கம், தப்பி ஓட எத்தனையோ வழி. அது இழுத்ததெல்லாம் என் கதவை நோக்கி.

"ஒங்க நாய்க்கு ஆயுசு கெட்டி டீச்சர்" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா. நல்ல மனசோடுதான் சொன்னார். மறுநாள் காலையில் கீழ் லயத்தில் ஒரு நாய் குறைந்திருந்தது. அதுவும் கட்டியிருந்த நாய். அந்த லயத்து ஆட்கள் புலியைத் திட்டித் தீர்த்தார்கள். கட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை மட்டும் யார் கேட்டார்கள்? புலிக்குப் பசி, வந்தது. அதன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இப்போது இல்லை. அது சங்கிலி வாங்க டவுனுக்குப் போகவில்லை.

இரவே கழற்றியிருந்த சங்கிலியைக் கழிவறைக் குழிக்குள் போட்டேன். கழுத்துக்கு மஞ்சள் வைத்து, குடிக்கப் பால் ஊற்றினேன். குடித்துவிட்டு என் கையை நக்கியது. திட்டினால் தாங்கலாம், கடித்தால்கூடத் தாங்கலாம். அது நக்கியதைத் தாங்க முடியாமல் அடுப்படிக்குப் போய் அழுதேன். மகள் அன்று பகல் முழுவதும் என்னோடு பேசவில்லை. என் உள்ளங்கையில் அவளுடைய பல் தடம் சிவந்து கிடந்தது.

அன்று மாலை ஐந்தரைக்கே நாயை உள்ளே எடுத்துப் பழைய இடத்தில், கட்டிலுக்குக் கீழே, படுக்க வைத்தேன். கதவை இன்னும் சாத்தவில்லை. மகள் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூடுபனி தேயிலையிலிருந்து இறங்கி வந்தது. பீலிக் கம்பம் பாதி மறைந்தபோது நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்தது. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எங்கள் இருவரையும் தாண்டி வெளியே நடந்தது. ஓடவில்லை, நடந்தது. கம்பத்தடிக்குப் போய், சேற்றில் கிடந்த ஸ்வெட்டர்மேல், எங்கள் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தது. இங்கிருந்தே அது நடுங்குவது தெரிந்தது.

நான் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாலை அசைத்தது, எழவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். கையைத் தட்டினேன். ரொட்டித் துண்டைக் காட்டினேன்.

காலையிலிருந்து பேசாத மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அது வராதும்மா. அதுக்கு வேல நேரம்."

அந்த இருபது அடியை நான் எப்படி நடந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக மூடியிருந்தது. தேயிலையில் ஏதோ ஒரு இலை அசைந்தது.  திரும்பிப் பார்த்தால் வீட்டுக்குள் ஓடிவிடுவேன் என்று தெரிந்ததால் திரும்பவில்லை. கம்பத்தடிக்குப் போய், அதைத் தூக்குவதற்காகக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

நான் சங்கிலி மாட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்து, அது புண்பட்ட கழுத்தை உயர்த்திக் காட்டியது.