தறி நிற்கும் நேரத்து வகுப்பு

அந்த முதல் நாள் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. கணக்கு டீச்சர் செல்போனில் வகுப்பு எடுக்கிறார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்ற முறையில் நானும் என் போனில் பார்க்கிறேன். "எல்லாரும் மைக்கைத் திறங்க" என்றார். திறந்ததுதான் தாமதம், முப்பது வீட்டுத் தறியும் ஒன்றாக அடித்தது. டீச்சர் குரல் அதில் முழுகிப்போனது. மைக்கை மூடச் சொன்னார். பிள்ளைகள் அதோடு வாயையும் மூடிக்கொண்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று ஆரணியில் நாற்பது தறிக்குப் பட்டு கொடுக்கிறேன். எவன் தயவிலும் வந்தவனில்லை. என் யோசனை தப்பாது என்ற நினைப்பில், "ஆளுக்கொரு பெரிய போன் வாங்கித் தர்றேன், ரெண்டு மணி நேரம் நடத்துங்க டீச்சரம்மா" என்றேன்.

"போன் பெருசானா தறிச் சத்தம் சின்னதாயிடுமா ஐயா?" என்று சிரித்துவிட்டார்.

பிறகு வீடு வீடாக விசாரித்தார். தறி எப்போது நிற்கும், அப்பா கையிலிருக்கும் போன் பிள்ளைக்கு எப்போது கிடைக்கும்? மதியச் சோற்று வேளையில். அந்த நேரத்துக்கு இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புவார். அதில் ஒரே கேள்வி. "உங்க தறியில ஓடுற சேலையில முழத்துக்கு எத்தனை புட்டாப் பூ? அப்போ முழுச் சேலைக்கு? வீட்டுல கேட்டுச் சொல்லுங்க." தறிக்குத் தறி டிசைன் வேறு, பக்கத்து வீட்டு விடையைக் காப்பியடிக்க வழியே இல்லை. பிள்ளைகள் தங்கள் குரலிலேயே பதில் அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் கேட்டு, பேர் சொல்லித் திருத்துவார். இத்தனை வருஷ வியாபாரத்தில், ஆளைப் பார்த்து இப்படிச் சரக்கு கொடுத்தவரை நான் கண்டதில்லை.

அதனால்தான் வராத குரலும் அவருக்குத் தெரிந்தது. ஒரு பெண் பத்து நாளாகப் பேசவில்லை. அவள் அப்பா எனக்கு நெய்பவர். டீச்சர் நேரே என் கடைக்கு வந்து நின்றார்.

"கல்யாணச் சேலைன்னு நீங்க அவசரப்படுத்தினீங்களாமே? அந்தப் பொண்ணு நாள் பூரா நூல் சுத்திகினு இருக்குது. இனி படிப்பே வேணாம்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு. இப்ப விட்டா அவ திரும்ப வர மாட்டா ஐயா."

என்னிடம் அப்படிப் பேசினவர் ஆரணியில் கிடையாது. கோபம் வந்தது. ஆனால் அவசரப்படுத்தினது நான்தானே. அவர் முன்னாலேயே நெசவாளிக்குப் போன் போட்டேன்.

"சேலை மெதுவா வரட்டும்யா. மதியத்துல போனைப் பாப்பா கையில குடு."

"நேத்துதானே முதலாளி ஜல்தி ஜல்தின்னு கத்தினீங்க?"

"கத்தினவன்தான் சொல்றேன், குடுய்யா."

டீச்சர் மாற்றலாகிப் படவேடு பக்கம் போய்விட்டார். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சுவர் அகலத்துக்குப் பாடம் காட்டும் திரை இருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்ததுதான். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். எனக்கென்னவோ, நான் போன் செய்த மறுநாள் டீச்சர் போட்டுக் காட்டிய பதிவுதான் பெரிதாகப் படுகிறது. "முழத்துக்கு எட்டு டீச்சர், பன்னெண்டு முழத்துக்குத் தொண்ணூத்தாறு" என்கிறாள் பெண். பின்னாலிருந்து அவள் அப்பா:

"முந்தானையில புட்டா வராதும்மா, அதைக் கழிச்சுச் சொல்லு. அப்புறம், நாளைக்கு என்ன கேப்பாங்கன்னு இப்பவே கேட்டு வை."